பாதி காலியானாலும் அழகா நிக்கற பார்ட்டி முள்ளம்பன்றி

வீட்ல சாயங்காலம் ஒரு பார்ட்டி, பெரியவங்க குழந்தைங்கன்னு ஒரு இருபது பேர், சாப்பாட்டுக்கு முன்னாடி மேஜை நடுவுல வைக்கற மாதிரி ஒரு ஸ்டார்ட்டர் வேணும், பாத்தா சிரிப்பு வரணும், அலங்காரமாவும் இருக்கணும், ஆனா முழுசா சாப்பிடவும் முடியணும், முன்கூட்டியே வேலைய முடிச்சு வச்சுக்கற மாதிரி இருக்கணும்னு கேட்டிருந்தீங்க. என்னோட பதில் முள்ளம்பன்றி. பாதி முட்டைக்கோஸ்தான் உடம்பு, சீஸும் பழமும் காயும் குத்தின குச்சிங்கதான் முள்ளு. ஏன் இதுன்னு முதல்ல சொல்லிடறேன், எப்படிங்கறது அப்புறம். காரணம் புரிஞ்சுட்டா நீங்க முள்ளம்பன்றிய விட்டுட்டு வேற எதை வேணா உங்க இஷ்டத்துக்கு பண்ணிக்கலாம்.

இந்த மாதிரி ஐட்டம் பண்றவங்க நிறைய பேர் போட்டோ எடுக்கற அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் மனசுல வச்சு பண்றாங்க. ஆனா அது மேஜை மேல இருக்கப்போறது ஒன்னு ஒன்னரை மணி நேரம். முதல் ஆள் கை வச்சதும் எப்படி இருக்கும், பத்து பேர் எடுத்ததுக்கு அப்புறம் எப்படி இருக்கும், இதைத்தான் யோசிக்கணும். சீஸை பிசைஞ்சு ஒரு பூனை முகம் பண்ணி வச்சீங்கன்னு வைங்க, பாக்க அவ்ளோ அழகா இருக்கும், ஆனா யாருக்கும் முதல்ல கத்தி வைக்க மனசு வராது, எல்லாரும் சுத்தி நின்னு பாத்துட்டு பக்கத்துல இருக்கற சிப்ஸை எடுத்துட்டு போயிடுவாங்க. அப்புறம் யாராச்சும் ஒருத்தர் துணிஞ்சு ஒரு காதை வெட்டி எடுப்பார், அதோட அது பூனையும் இல்ல சீஸும் இல்ல, அதுக்கப்புறம் அதை யாரும் திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. பாதிக்கு மேல மிஞ்சிப்போகும்.

முள்ளம்பன்றில அந்த பிரச்சனை கிடையாது. ஒரு முள்ளை பிடுங்கினா அது முள்ளம்பன்றியாவேதான் இருக்கு, இருபது முள்ளு போனாலும் அப்படியேதான் இருக்கு, கடைசில வெறும் பச்சை உடம்பும் மூஞ்சியும் மட்டும் மிஞ்சினா அதுவே ஒரு சிரிப்பு. எடுக்கறவங்களுக்கும் எங்க எடுக்கணும், எவ்ளோ எடுக்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, பாத்ததும் கை தானா ஒரு முள்ளை பிடுங்கும். அந்த பிடுங்கற செயல்லயே ஒரு விளையாட்டு இருக்கு, அதுதான் நமக்கு வேணும். இதே ரகத்துல வர்ற மத்த உருவங்கள் ரயில், கம்பளிப்பூச்சி, பாம்பு. ரயில்ல ஒரு பெட்டிய எடுத்தா ரயில் கொஞ்சம் சின்னதாகும், அவ்ளோதான். கம்பளிப்பூச்சிக்கு குட்டி குட்டி பன்னை வரிசையா வளைச்சு வைப்பாங்க, ஒன்ன எடுத்துட்டு மிச்சத்தை நெருக்கி வச்சா மறுபடியும் முழு கம்பளிப்பூச்சி. ஆக, துண்டு துண்டா கழட்டினாலும் அடையாளம் மாறாத உருவமா பாத்து எடுங்க, முழு முகம் மட்டும் இருக்கற உருவம் வேண்டாம். இந்த ஒரு விஷயத்துல நான் ரொம்பவே பிடிவாதம்.

ஐடியா ஒன்னும் புதுசு இல்ல. 1970கள்ல பிரிட்டன் வீட்டு பார்ட்டிகள்ல இது ரொம்ப பிரபலம், பெரிய ஆரஞ்சு மாதிரி இருக்கற கிரேப்ஃப்ரூட்ல பாதியயோ உருளைக்கிழங்கயோ அலுமினியம் ஃபாயில்ல சுத்தி, சீஸ் துண்டும் டின் பைனாப்பிளும் குத்தின குச்சிய அதுல நட்டு வைப்பாங்க. ஜெர்மனிலயும் சீஸ் முள்ளம்பன்றி உண்டு. அந்த பழைய வடிவத்துல எனக்கு ஒத்துவராதது ரெண்டு. ஒன்னு ஃபாயில், குச்சி எடுக்க எடுக்க வெள்ளி கலர்ல ஓட்டை ஓட்டையா தெரிய ஆரம்பிச்சுரும். ரெண்டாவது எல்லா குச்சிலயும் ஒரே ருசி, நாலாவது குச்சிக்கு மேல யாருக்கும் கை நீளாது.

உடம்புக்கு என்ன வைக்கறதுன்னு பாப்போம். நிறைய பேர் தர்பூசணி சொல்வாங்க, கலரும் சைஸும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அதோட தோல் கெட்டி, டூத்பிக் வளைஞ்சு உடையும், ஒவ்வொன்னுக்கும் இரும்பு குச்சியால முதல்ல ஓட்டை போடணும், ஓட்டை போட்ட எல்லா இடத்துலேந்தும் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கசியும், ஒரு மணி நேரத்துல தட்டுல ஒரு குளமே கட்டிரும். வட்ட ரொட்டி ஈரத்தை உறிஞ்சி தொளதொளன்னு ஆகி குச்சி சாய ஆரம்பிச்சுரும். முட்டைக்கோஸ் இருக்கே, அது இந்த வேலைக்குன்னே செஞ்ச மாதிரி. அடுக்கடுக்கா இறுக்கமா இருக்கற இலைங்க குச்சிய நல்லா கவ்விப் பிடிக்கும், குத்தறதும் சுலபம், தண்ணி விடாது, நல்ல கனமும் இருக்கும், உருளாது. கையில எடுத்தா சைஸுக்கு மீறின கனமா, அமுக்கினா அமுங்காம இருக்கற முட்டைக்கோஸா பாத்து வாங்குங்க, இலை தளர்வா இருந்தா குச்சி ஆடும்.

அளவும் கணக்கு போட்டே சொல்றேன். பின்னாடி சாப்பாடு இருக்குன்னா ஒரு ஆளுக்கு அஞ்சாறு வாய் ஸ்டார்ட்டர் போதும், சாப்பாடே இல்ல இதுதான்னா பத்து பன்னெண்டு வேணும். உங்களுக்கு சாப்பாடு இருக்கு, ஒரு குச்சில ரெண்டு மூணு துண்டு வரும், அப்ப ஆளுக்கு ரெண்டு மூணு குச்சி, மொத்தம் ஒரு 60 குச்சி தயார் பண்ணுங்க. 20 செ.மீ அகலம் இருக்கற முட்டைக்கோஸை பாதியா வெட்டி கவுத்து வச்சா மேல் பரப்பு கிட்டத்தட்ட 630 சதுர செ.மீ வரும், அதுல கால்வாசி மூஞ்சிக்கு போச்சுன்னா மிச்சம் 470, குச்சிக்கு குச்சி 3 செ.மீ இடைவெளி விட்டா ஒரு 50 குச்சி நிக்கும். துண்டுங்க 2 செ.மீ சைஸ்ல இருக்கறதால 3 செ.மீ இடைவெளிதான் சரி, அதைவிட நெருக்கினா ஒன்ன பிடுங்கும்போது பக்கத்துல இருக்கறது ரெண்டும் சேந்து வந்துரும். 60 குச்சியையும் ஒரேயடியா நட வேண்டாம், முதல்ல 35லேந்து 40 வரைக்கும் நட்டா போதும், மிச்சம் ஃபிரிட்ஜ்ல இருக்கட்டும். ஏன்னு கீழ சொல்றேன்.

வெட்டும்போது தண்டுப் பக்கத்துலேந்து மேல் நுனி வரைக்கும் நெடுக்க வெட்டுங்க, குறுக்க வேண்டாம். நெடுக்க வெட்டினா நடுத்தண்டு ரெண்டு பாதிலயும் இருக்கும், அதுதான் முதுகெலும்பு மாதிரி எல்லா இலையையும் சேத்துப் பிடிச்சுக்கும். தண்டு முனை இருக்கற பக்கம் மூஞ்சி வரட்டும், அந்த வெட்டுத்தழும்பு மூக்குக்கு பின்னாடி மறைஞ்சுரும். வெளி இலை ஒன்னு ரெண்டை எடுத்துட்டு, ஓடற தண்ணில நல்லா கழுவி, ஈரம் போக துடைச்சு வைங்க. இன்னொரு பாதி என்ன ஆகும்னு யோசிக்காதீங்க, அது குழந்தைங்க முள்ளம்பன்றிக்கு வேணும், அதுக்கும் வரேன்.

மூஞ்சிதான் இதுல உயிர். இங்க ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டா வேலை பாதி முடிஞ்சுது. 1943ல கான்ராட் லாரன்ஸ்னு விலங்குகளோட நடத்தைய ஆராய்ச்சி பண்றவர், குழந்தை முகத்தை பாத்தா நமக்கு ஏன் பாசம் வருதுன்னு எழுதினார், பெரிய நெத்தி, பெரிய கண்ணு, கண்ணு முகத்தோட கீழ்ப்பாதில இருக்கறது, சின்ன மூக்கு, உருண்டை கன்னம், இதெல்லாம் சேந்தா மிருகமா இருந்தாலும் பொம்மையா இருந்தாலும் நமக்கு அழகா தெரியும்னு. அதை அப்படியே இங்க போடுங்க. கண்ணை மேல வைக்காம நல்லா கீழ இறக்கி, ரெண்டுக்கும் நடுவுல தாராளமா இடம் விட்டு வைங்க. கண்ணு மேல ஏறி, ஒன்னுக்கு ஒன்னு நெருங்கிட்டா மூஞ்சி எலி மாதிரியோ கோவமா இருக்கற மாதிரியோ ஆகிடும்.

மூக்குக்கு ஒரு பேரிக்காயை நெடுக்க பாதியா வெட்டி, வெட்டின பக்கம் கீழ இருக்கற மாதிரி, குறுகின நுனி வெளிய நீட்டற மாதிரி முட்டைக்கோஸோட ஒட்டி வைங்க. தோலை சீவ வேண்டாம், வெட்டின பக்கத்துல மட்டும் எலுமிச்சை சாறு தடவுங்க, இல்லாட்டி அது பழுப்பாகிடும். நுனில ஒரு கறுப்பு திராட்சை. கண்ணுக்கு மொசரெல்லா சீஸ்ல ரெண்டு வட்டம், அது மேல கறுப்பு ஆலிவ் பாதி பாதி. காதுக்கு சிவப்பு முள்ளங்கில ரெண்டு மெல்லிசு வட்டம் வெட்டி, கத்தியால சின்ன கீறல் போட்டு அதுல சொருகினா போதும்.

இதெல்லாம் எதால ஒட்டறதுங்கறது முக்கியமான கேள்வி. டூத்பிக்கை உடைச்சு உள்ள மறைச்சு வைக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. வெளிய தெரியற குச்சிய யாரும் கடிக்க மாட்டாங்க, மறைஞ்சிருக்கற குச்சிதான் தொண்டைல போகும். அதுக்கு பதிலா மெல்லிசான ஸ்பகெட்டிய வேக வைக்காம அப்படியே சின்ன சின்ன துண்டா உடைச்சு ஊசி மாதிரி குத்துங்க. குழந்தைங்க டிஃபன் பாக்ஸுக்கு பொம்மை மாதிரி சாப்பாடு பண்ற ஜப்பான்காரங்க இந்த வழியத்தான் ரொம்ப நாளா பண்றாங்க. குத்தும்போது கம்பி மாதிரி நிக்கும், நேரம் ஆக ஆக காய்ல இருக்கற ஈரத்தை இழுத்து தானாவே மெத்துன்னு ஆகிடும், அதுவும் சாப்பிடற சாமான்தான். பேரிக்காயை மட்டும் நிறுத்த, ஒரு நீள குச்சிய மேல் பக்கத்துலேந்து சாய்வா முட்டைக்கோஸுக்குள்ள குத்தி, அதோட தலை நல்லா வெளிய தெரியற மாதிரி விட்டுருங்க.

இப்ப முள்ளு. முள்ளம்பன்றின்னு பாத்ததும் தெரியறதுக்கு காரணம் முள்ளு எத்தனைங்கறது இல்ல, எந்தப் பக்கம் சாஞ்சிருக்குங்கறதுதான். எல்லா குச்சியும் வால் பக்கமா ஒரே மாதிரி சாஞ்சு இருக்கணும். நேரா நேரா நட்டீங்கன்னா அது ஊசி குத்தின பந்து. நெத்தில ஆரம்பிக்கற முதல் ரெண்டு வரிசைக்கு குட்டை குச்சி, ஒரு 7 செ.மீ, ஒரே ஒரு துண்டு குத்தினது, அதுக்கப்புறம் பின்னாடி போகப் போக 10 செ.மீ குச்சி, ரெண்டு மூணு துண்டு குத்தினது. வரிசைய வீட்டு ஓடு அடுக்கற மாதிரி மாத்தி மாத்தி வைங்க, முன் வரிசைல ரெண்டு குச்சிக்கு நடுவுல இருக்கற சந்துல பின் வரிசை குச்சி வரட்டும், அப்பதான் எந்தப் பக்கத்துலேந்து பாத்தாலும் வழுக்கை தெரியாது.

நடறதுக்கு முன்னாடி முட்டைக்கோஸ் மேல சுருட்டையா இருக்கற லெட்யூஸ் இலைய போத்திடுங்க, குச்சிங்களே அதை பிடிச்சுக்கும். முள்ளு போன இடத்துல ஓட்டை தெரியாம பச்சையா தெரியும், ஃபாயில்ல வர்ற அசிங்கம் இதுல வராது.

கலரை பத்தி ஒரு வார்த்தை. எல்லா கலரையும் கலந்து தூவின மாதிரி நட்டா தூரத்துலேந்து பாக்கும்போது எதுவுமே தெரியாது, வெறும் குழப்பமாத்தான் இருக்கும். முன்னாடி வெளிர் மஞ்சள், நடுவுல சிவப்பு, பின்னாடி கருநீலம்னு பட்டை பட்டையா வைங்க, மூணு பட்டை போதும். கிட்ட வந்து பாக்கறவங்களுக்கும் எந்த ருசி எங்க இருக்குன்னு சுலபமா புரியும், சீஸ் சாப்பிடாதவங்களுக்கு வால் பக்கம் தனியா ஒரு கொத்து இருக்கும், அதை கீழ சொல்றேன்.

குச்சில என்ன குத்தறது, இதுலதான் நான் அதிகம் யோசிப்பேன், ஏன்னா சிரிக்க வச்சுட்டு ருசி இல்லாட்டி ரெண்டாவது குச்சிக்கு யாரும் வரமாட்டாங்க. நெத்திப் பக்க குட்டை குச்சிய விட்டுட்டு, ஒவ்வொரு குச்சிலயும் உப்பா ஒன்னு, புளிப்போ இனிப்போ ஒன்னு, கடிச்சா சத்தம் வர்றது இல்ல நல்ல வாசனை தர்றது ஒன்னு, இந்த மூணும் இருந்தா அது முழுமையான ஒரு வாய். செடார் சீஸ், டின் பைனாப்பிள், ஒரு புதினா இலை. குட்டி மொசரெல்லா உருண்டை, செர்ரி தக்காளி, பேசில் இலை (துளசி மாதிரி வாசனையான இலை). கறுப்பு திராட்சை, கவுடா சீஸ், வெள்ளரித் துண்டு. இது மூணும் மூணு பட்டை. சீஸே வேண்டாங்கறவங்களுக்கு வேக வச்ச குட்டி உருளைக்கிழங்குல ஆலிவ் எண்ணெயும் மிளகும் உப்பும் பிரட்டி, கூட ஒரு ஆலிவும் வறுத்த குடைமிளகாய் துண்டும் சேத்து குத்தி அதை வால் பக்கம் தனியா ஒரு கொத்தா வைங்க. நட்ஸ் எதுலயும் போடாம விட்டுட்டா அலர்ஜி கவலை ஒன்னு குறையும். கோழியோ சாசேஜோ வைக்கணும்னா அதே உடம்புல நடாதீங்க, தனி தட்டு.

அடுக்கற வரிசைக்கும் ஒரு நியாயம் இருக்கு. கீழ, அதாவது முட்டைக்கோஸ் பக்கம் இருக்கறது எப்பவுமே கெட்டியான துண்டா இருக்கணும், சீஸோ வெள்ளரியோ, அதுதான் மேல இருக்கறதை தாங்கும். தக்காளிய கீழ வச்சா அது கிழிஞ்சு மேல இருக்கற எல்லாம் வழுக்கிட்டு இறங்கிடும். மேல் நுனில இருக்கற துண்டுக்குள்ள குச்சியோட முனை ஒளிஞ்சிருக்கணும், கூர் வெளிய நீட்டக்கூடாது, குனிஞ்சு எடுக்கறவங்க கண்ணுக்கு நேரா இருக்கும் அது. தலைல உருண்டை வச்ச மூங்கில் குச்சி கிடைச்சா ரொம்ப நல்லது.

பைனாப்பிள் ஏன் டின்ல வர்றதுன்னு சொன்னேன்னு கேப்பீங்க. டின்ல போடாத பச்சை பைனாப்பிள்ல ப்ரோமெலைன்னு ஒரு நொதி இருக்கு, அது புரதத்தை சின்னாபின்னமா உடைக்கும். சீஸோட ஒட்டி ரெண்டு மணி நேரம் இருந்தா சீஸோட மேல் பரப்பு பிசுபிசுன்னு ஆகி லேசா கசக்க ஆரம்பிக்கும். டின்ல போடும்போது சூடு பண்றாங்க, அந்த சூட்டுல நொதி செயலிழந்து போயிடும், அதனால டின் பைனாப்பிள் சீஸை ஒன்னும் பண்ணாது. பச்சை பைனாப்பிள்தான் வேணும்னா துண்டை சில நிமிஷம் கொதிக்கற தண்ணில போட்டு எடுத்து ஆறவைங்க, இல்லாட்டி சீஸ் இல்லாத குச்சில குத்துங்க. கிவிக்கும் பப்பாளிக்கும் இதே குணம் உண்டு, அதையும் சீஸ் பக்கத்துல வைக்காதீங்க.

அடுத்த எதிரி தண்ணி. பார்ட்டி சாப்பாடு பாதி கெட்டுப்போறது ருசியால இல்ல, ஈரத்தாலதான். வெள்ளரிலயோ தக்காளிலயோ முன்னாடியே உப்பு தூவினா உப்பு உள்ள இருக்கற தண்ணிய வெளிய இழுக்கும், அதனால காய்ல உப்பே வேண்டாம், சீஸ்ல இருக்கற உப்பு போதும். வெள்ளரிய நெடுக்க வெட்டி நடுவுல இருக்கற விதைப் பகுதிய ஸ்பூனால சுரண்டி எடுத்துட்டு துண்டு போடுங்க. மொசரெல்லாவ அது ஊறிட்டு இருக்கற தண்ணிலேந்து எடுத்து கிச்சன் டவல்ல ஒத்தி ஒத்தி ஒரு பத்து நிமிஷம் வடிய விடுங்க, டின் பைனாப்பிளும் அப்படித்தான். திராட்சைய கழுவினா முழுசா காயணும். சீஸை ஃபிரிட்ஜ்லேந்து எடுத்த உடனே, ஜில்லுன்னு இருக்கும்போதே வெட்டினா ஓரம் உடையாம சதுரமா வரும். ஆப்பிள் வைக்க ஆசைன்னா ஒரு கப் தண்ணிக்கு அரை டீஸ்பூன் உப்பு கலந்து அதுல பத்து நிமிஷம் போட்டு, நல்ல தண்ணில அலசி துடைச்சுட்டு குத்துங்க, பழுப்பாகாம இருக்கும், உப்பும் தெரியாது.

குழந்தைங்க விஷயத்துக்கு வரேன், இதை அவசரமா படிச்சுட்டு போயிடாதீங்க. நாலு வயசுக்கு கீழ இருக்கற குழந்தைக்கு முழு திராட்சை, முழு செர்ரி தக்காளி, கெட்டி சீஸ் கட்டி, பச்சை கேரட், நட்ஸ் இது எல்லாமே தொண்டைல அடைச்சுக்கற சாமான். திராட்சையும் தக்காளியும் நெடுக்க நாலா வெட்டித்தான் தரணும், குறுக்க வட்டமா வெட்டினா ஆபத்து அப்படியேதான் இருக்கு. கூர் குச்சிய வாய்ல வச்சுட்டு ஓடற வயசு அது. அதனாலதான் மிச்ச பாதி முட்டைக்கோஸ்ல குச்சியே இல்லாத குட்டி முள்ளம்பன்றி ஒன்னு பண்ணுங்கன்னு சொல்றேன். கழுவின சாப்ஸ்டிக்கோட அடிப்பக்கத்தால முட்டைக்கோஸ்ல விரல் ஆழத்துக்கு ஓட்டை போடுங்க, அதுல மெத்துன்னு ஆவில வேக வச்ச கேரட் நீளத்துண்டு, தோல் சீவின வெள்ளரி நீளத்துண்டுன்னு சொருகுங்க, முள்ளே சாப்பாடு, தூக்கிப்போட ஒன்னும் இல்ல. எல்லாருமே நாலு வயசு தாண்டின குழந்தைங்கன்னா பச்சை கேரட்டும் குடைமிளகாயும் பிரெட்ஸ்டிக்கும் சொருகலாம், கேரட்டை முன்னாடி ஒரு மணி நேரம் ஐஸ் தண்ணில போட்டு வச்சா செல்லுக்குள்ள தண்ணி ஏறி மொறுமொறுன்னு நிக்கும், பிரெட்ஸ்டிக் மட்டும் கடைசி நிமிஷத்துல சொருகணும், இல்லாட்டி நமத்துரும். அஞ்சாறு வயசுக்கு மேல இருக்கற குழந்தைங்கன்னா அவங்களையே கூப்பிட்டு முள்ளு சொருக விடுங்க. தான் பண்ணதுங்கறதால காய் பிடிக்காத குழந்தையும் ஒன்னு ரெண்டு கடிச்சுப் பாக்கும், பக்கத்து குழந்தைக்கும் எடுத்து நீட்டும். ரெண்டு முள்ளம்பன்றியையும் ஒன்னு முன்னாடி ஒன்னு பின்னாடி, குட்டி அம்மா பின்னாடி போற மாதிரி வச்சா மேஜைல ஒரு கதையே வந்துரும், ஆனா சின்னக் குழந்தைங்க கை பெரிய முள்ளம்பன்றி வரைக்கும் எட்டும்னா குட்டிய தனியா, அவங்க உயரத்துல ஒரு குட்டை மேஜைல வைங்க.

தொட்டுக்க ஒரு டிப் இருந்தா நல்லது. கெட்டித் தயிரை துணில கட்டி ஃபிரிட்ஜுக்குள்ளயே நாலு மணி நேரம் வடிய விட்டா கிட்டத்தட்ட பாதியா சுண்டி க்ரீம் மாதிரி வரும், அதுல பூண்டு ஒரு பல் அரைச்சது, மிளகு, எலுமிச்சை தோல் துருவல், பொடியா நறுக்கின புதினா, உப்பு மட்டும் பரிமாறும்போது. ஆளுக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கணக்குல இருபது பேருக்கு 600 மி.லி. ஒரே கிண்ணத்துல வைக்காம ரெண்டு குடைமிளகாயை குடைஞ்சு அதுல ஊத்தி மூக்குக்கு முன்னாடி ஒன்னு, வால் பக்கம் ஒன்னு வைங்க, எல்லாரும் ஒரே பக்கம் முண்டியடிக்க மாட்டாங்க.

நேரத்தை இப்படி பிரிச்சுக்கோங்க. முதல் நாள் ராத்திரி முட்டைக்கோஸை கழுவி துடைச்சு வைக்கறது, டிப்புக்கு தயிர் கட்டறது, உருளைக்கிழங்கு வேக வைக்கறது, தட்டுல எல்லாம் எப்படி உக்காருதுன்னு ஒரு தடவ வெறும் முட்டைக்கோஸை வச்சு பாத்துக்கறது. அன்னிக்கு காலைல சீஸ் வெட்டி மூடின டப்பால, காய் வெட்டி வேற டப்பால, பழம் வேற டப்பால. மூணு மணி நேரம் முன்னாடி குச்சில குத்தற வேலை, ரெண்டு பேர் உக்காந்தா முக்கால் மணி நேரத்துல முடியும், குத்தினதை அடில டவல் போட்ட டப்பால படுக்க வச்சு மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க. புதினா, பேசில் இலைய மட்டும் கடைசில சொருகுங்க, ஃபிரிட்ஜ்ல அது கறுத்துரும். விருந்தாளி வர அரை மணி நேரம் முன்னாடி மூஞ்சி வச்சு, லெட்யூஸ் போத்தி, முள்ளு நடுங்க. முழு முள்ளம்பன்றியையும் நட்டு முடிச்சுட்டு ஃபிரிட்ஜ்ல ஏத்த நினைக்காதீங்க, இடமும் பத்தாது, எடுக்கும்போது ரெண்டு முள்ளாவது விழும்.

இப்ப அந்த 35, 40 கணக்கு. வெட்டின பழம், சீஸ், வேக வச்ச உருளைக்கிழங்கு எல்லாம் சாதாரண அறை சூட்டுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக்கூடாது, வெயில் காலத்துல வெளியில வைக்கறீங்க, சூடு 32 டிகிரிக்கு மேலன்னா ஒரு மணி நேரம்தான். எல்லா குச்சியையும் மொத்தமா நட்டா கடைசியா எடுக்கற குச்சி அந்த நேரத்தை தாண்டி இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா ஃபிரிட்ஜ்லேந்து எடுத்து காலியான இடத்துல நட்டுட்டே வந்தா கடைசி ஆளுக்கும் ஜில்லுன்னு கிடைக்கும், முள்ளம்பன்றியும் மொட்டையாகாம இருக்கும். ஆனா ஒரு விஷயம், முதல்ல நட்டதுல யாரும் எடுக்காம நிக்கறதை ரெண்டு மணி நேரம் ஆனதும் எடுத்து போட்டுருங்க, திரும்ப ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க.

தட்டு கனமா, ஓரம் லேசா தூக்கினதா இருக்கட்டும், அடில ஒரு ஈரத்துணி விரிச்சா குச்சி பிடுங்கும்போது நகராது. மொத்த உயரம் 30 செ.மீக்குள்ள இருந்தா மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவங்க முகம் மறையாது. மூஞ்சி வாசல் பக்கம் பாத்து இருக்கட்டும், உள்ள வர்றவங்க முதல்ல பாக்கறது அந்தக் கண்ணாத்தான் இருக்கணும்.

சாப்பிட்ட குச்சிய எங்க போடறதுன்னு தெரியாம ஜனங்க அதை மறுபடியும் முட்டைக்கோஸ்லயே குத்திட்டு போவாங்க, இது எல்லா பார்ட்டிலயும் நடக்கும். அதை தடுக்க பக்கத்துல ஒரு கண்ணாடி டம்ளர் வச்சு, அதுல நீங்களே ரெண்டு பயன்படுத்தின குச்சிய முதல்லயே போட்டு வைங்க. காலி டம்ளர் வச்சா யாருக்கும் புரியாது, ரெண்டு குச்சி உள்ள இருந்தா எல்லாருக்கும் புரிஞ்சுரும், எழுதி ஒட்ட வேண்டிய அவசியமே இல்ல.

வேற வீட்டுக்கு எடுத்துட்டு போறதா இருந்தா உடம்பு தனி, குச்சி டப்பா தனி, மூஞ்சி சாமான் ஒரு சின்ன டப்பால தனியா எடுத்துட்டு போய் அங்க போய் நடுங்க, கூட ஒரு சின்ன கத்தியும் நாலஞ்சு ஸ்பகெட்டியும் எலுமிச்சை பாதியும் கைல இருக்கட்டும். முட்டைக்கோஸ்ல அத்தனை பேர் கை பட்டிருக்கும், பார்ட்டி முடிஞ்சதும் அதை சமையலுக்கு எடுக்க வேண்டாம். உங்க விருந்துல சீஸ் சாப்பிடாதவங்க எத்தனை பேர், நாலு வயசுக்கு கீழ எத்தனை குழந்தைங்கன்னு சொன்னீங்கன்னா குச்சிய எந்த ருசில எத்தனை பண்ணலாம்னு பிரிச்சு சொல்றேன்.